குவாரிக் குளத்துக் கலுங்கின் நீளம் என்ன? மதுரை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், புவியியல் மற்றும் சுரங்கத் துறை, நீர்வளத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஐப்பசி பிறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கல் குவாரிகளை ஒட்டி மண் கரை போட்டுத் தேக்கிய குளங்கள் உள்ளன. குழியிலிருந்து இறைக்கும் நீர், கல் அறுத்த சேறு, சுற்றியுள்ள மேட்டிலிருந்து வழிந்து வரும் மழைநீர் எல்லாம் அவற்றில் சேர்கின்றன. ஓடும் குவாரியிலும் இவை உண்டு, மூடிக் கிடக்கும் குவாரியிலும் உண்டு. பெருமழை பெய்தால் இந்தக் குளங்களில் வந்து விழும் நீர் கரை ஏறாமல் வெளியேறப் போதிய கலுங்கு, அதாவது மிகுநீர் வழியும் வாய், இருக்கிறதா என்பதை ஒவ்வொரு குளத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க உத்தரவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஆய்வுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கரையைத்தான் பார்க்கிறார்கள். கரை அகலமாக இருக்கிறதா, லாரி போகுமா, கசிவு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றால் திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். கரையைப் பார்ப்பது தேவைதான். ஆனால் உலகம் முழுக்க உடைந்த மண் அணைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நீர் கரைமேல் ஏறி வழிந்ததால் உடைந்தவை. கரை எவ்வளவு பருமனாக இருந்தாலும் மேலே வழிந்த நீர் பின்சரிவின் அடியில் முதலில் ஒரு சிறு பள்ளம் பறிக்கும். அந்தப் பள்ளம் படிப்படியாகப் பின்னோக்கி ஏறிக் கரையின் தலையை எட்டும். தலை அறுந்துவிட்டால் அதன்பின் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. குவாரிக் கரைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கண்மாய்க் கரையைப் போல களிமண் கலந்து, நனைத்து, அடுக்கடுக்காக ரோலர் ஓட்டிக் கட்டிய கரைகள் அல்ல பல. மேல்மண், சரளை, கிரஷர் தூள் என்று கையில் கிடைத்ததை டிப்பரில் கொட்டி, ஜேசிபியால் தட்டிவிட்டவை அவை. கிரஷர் தூளில் ஒட்டும் தன்மையே கிடையாது. ஓடும் நீர் தொட்ட இடத்தில் சர்க்கரையாகக் கரையும்.

இந்தக் குளங்கள் எந்தச் சட்டத்திலும் தரத்திலும் சரியாக மாட்டாமல் நிற்பதுதான் முதல் சிக்கல். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021, 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரம் இருந்து கொள்ளளவு, நீளம் போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையுமே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. மறுகால் (மிகுநீர் வெளியேறும் வழி) எவ்வளவு நீரை விட வேண்டும் என்பதை முடிவு செய்யும் இந்தியத் தரம் ஐஎஸ் 11223, சிறிய அணை என்று சொல்வதே 5 லட்சம் கன மீட்டர் கொள்ளளவில் தொடங்குகிறது. அதற்கு அந்தத் தரம் கேட்பது 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம். நாம் பேசும் குளத்தின் கரை 5 மீட்டர் உயரம், கொள்ளளவு சில பத்தாயிரம் கன மீட்டர். ஆகவே இரண்டிலும் அடங்காது. ஆனால் கரைக்குக் கீழே வீடு இருந்தால், கண்மாய் இருந்தால், பள்ளிக்கூடம் போகும் சாலை இருந்தால், உயரம் குறைவு என்பது அங்கிருப்பவர்களுக்கு எந்தப் பாதுகாப்பையும் தராது. இத்தகைய குளங்களுக்கும் 100 ஆண்டு வெள்ளமே குறைந்தபட்ச அளவுகோல் என்று மாவட்ட அளவில் முடிவெடுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான். அந்தப் பொறுப்பில் இருந்தே இதைச் செய்யலாம்.

இனி கணக்குக்கு வருவோம். எந்தக் குவாரியையும் சுட்டாமல், இப்பகுதிக்குப் பொருந்தும் அளவுகளை எடுத்துக்கொண்டு ஒரு மாதிரிக் குளத்துக்குப் போட்டுக் காட்டுகிறோம். நீர்ப்பிடிப்பு 36 ஹெக்டேர். அதில் குளத்தை நோக்கிச் சரியும் வெறும் பாறையும் வெட்டுப்படிகளும் 14 ஹெக்டேர், கழிவுக்கல் மேடும் லாரித் தடமும் 10, முட்புதர்க் காடு 12. பாறையில் விழும் மழையில் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும், கழிவு மேட்டில் ஆறு பங்கு, புதர்க்காட்டில் நான்கு பங்கு என்று கொண்டால் சராசரி ஓட்டக் கெழு (மழையில் ஓடிவரும் பங்கு) 0.65. குவாரி வருவதற்கு முன் இதே நிலம் முழுவதும் புதர்க்காடாக இருந்தபோது 0.4 இருந்திருக்கும். வானம் அதேதான், மழையும் அதேதான். ஆனால் வந்து சேரும் நீர் ஏறத்தாழ 1.6 மடங்கு. குவாரி தொடங்கிய ஆண்டில் போட்ட கணக்கை இன்றைக்குக் காட்டினால் ஏற்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

நீர்ப்பிடிப்பின் கடைக்கோடியிலிருந்து குளத்துக்கு நீர் வர 900 மீட்டர் தூரம், 27 மீட்டர் இறக்கம் என்றால், தூரமும் சரிவும் கொண்டு நீர் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிடும் கிர்பிச் சூத்திரப்படி 14 நிமிடம். 15 என்று வைத்துக்கொள்ளலாம். எனவே உச்ச வெள்ளத்தை முடிவு செய்வது 15 நிமிட மழை. நாள் மழை இங்கே உதவாது. 24 மணி நேரத்து மழை 200 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் (உண்மையான 100 ஆண்டு அளவை வானிலைத் துறையிடம் எழுதிப் பெற வேண்டும்), குறுநேர மழைக்கு நாம் வழக்கமாகக் கையாளும் கனமூல விதிப்படி (24 மணி நேரத்தில் அந்த நேரம் எத்தனை பங்கோ அதன் கனமூலத்தால் நாள் மழையைப் பெருக்குவது) 15 நிமிடத்தில் 44 மி.மீ. பெய்யும். மணிக்கு 175 மி.மீ. வேகம். ஓட்டக் கெழு, மழை வேகம், சதுர கி.மீ.யில் பரப்பு (0.36) மூன்றையும் பெருக்கி 3.6ஆல் வகுத்தால் வருவது வினாடிக்கு 11.4 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 400 கனஅடி.

இதே குளத்துக்கு வேறு வகையில் கணக்குப் போட்டால் என்ன வரும் என்பதைப் பாருங்கள். ஒரு மணி நேர மழையை எடுத்தால் வினாடிக்கு 4.5 கன மீட்டர். 200 மி.மீ.யை 24ஆல் வகுத்துச் சராசரி எடுத்தால் 0.54 கன மீட்டர். கண்மாய்களுக்கு நம் பக்கம் காலங்காலமாகப் பயன்படுத்தும் ரைவ்ஸ் சூத்திரத்தில், கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்கு அப்பால் உள்ள பகுதிக்கான 8.5 என்ற கெழுவைப் போட்டால் 4.3. ரைவ்ஸ் சூத்திரம் 1884இல் சென்னை மாகாணத்துக்காக உருவானது. பல சதுர கி.மீ. ஆயக்கட்டும் நீர்வரத்தும் உள்ள கண்மாய்க்கு அது கைகொடுக்கும். அரை சதுர கி.மீ.கூட இல்லாத, பாதி வெறும் பாறையான குவாரிச் சரிவுக்கு அது ஏற்றதல்ல. ஆகவே ஆய்வறிக்கையில் வெள்ள அளவை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். அது எத்தனை நிமிட மழை, எந்தக் கெழு, எந்த ஆண்டு எடுத்த நீர்ப்பிடிப்பு வரைபடம் என்று கேளுங்கள். அந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.

குவாரி நடத்துபவர்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். குழிக்குள் விழும் மழை தானாகக் குளத்துக்கு ஏறி வராது. குழியின் பரப்பை நீர்ப்பிடிப்பிலிருந்து கழித்துவிடுவதே சரி. பம்பு இறைக்கும் நீரும் உச்ச வெள்ளத்தில் பெரிய பங்கு வகிப்பதில்லை. மணிக்கு 100 கன மீட்டர் இறைக்கும் பம்பு வினாடிக்கு 0.03 கன மீட்டர்கூடத் தருவதில்லை. பம்பால் வரும் தீங்கு வேறு. மழைக்கு முன்பே குளத்தை விளிம்புவரை நிறைத்து வைத்துவிடுகிறது. எனவே கணக்கு, குளம் முழுமட்டத்தில், அதாவது நீர் கலுங்கில் வழியத் தொடங்கும் மட்டத்தில், நிற்பதாகவே தொடங்க வேண்டும்.

வெளியேறும் வழிக்கு வருவோம். பல இடங்களில் கலுங்கு என்று காட்டப்படுவது கரைக்குள் பதித்த இரண்டு 600 மி.மீ. சிமெண்ட் குழாய்கள். கணக்குத் தாளில், குழாயின் நடுவுக்கு மேல் 1 மீட்டர் நீர் நிற்பதாகக் கொண்டு, ஒரு குழாய்க்கு வினாடிக்கு 0.75, இரண்டுக்கும் சேர்த்து 1.5 கன மீட்டர் என்று எழுதிவிடுவார்கள். சூத்திரத்தில் பிழை இல்லை. ஆனால் அந்த 1 மீட்டரை எங்கிருந்து அளந்தார்கள்? குழாயின் அடி முழுமட்டத்தில் இருந்தால், நடு அதற்கு 0.3 மீட்டர் மேலே. அதற்கும் மேலே 1 மீட்டர் என்றால் முழுமட்டத்திலிருந்து 1.3 மீட்டர். நம் மாதிரிக் குளத்தில் கரை உச்சியே முழுமட்டத்துக்கு மேல் 1 மீட்டர்தான். அந்த 1.5 கன மீட்டர் வருவதற்கு முன்பே நீர் கரைமேல் ஏறியிருக்கும். முழுமட்டத்துக்கு மேல் 0.6 மீட்டர் நிற்கும்போது அந்த இரண்டு குழாய்களும் தருவது 0.82 மட்டுமே.

குளம் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான், அதையும் கணக்கில் சேர்ப்போம். குளப் பரப்பு 12,000 சதுர மீட்டர். முழுமட்டத்திலிருந்து கரை உச்சிவரை ஒரு மீட்டருக்கு இடம் 12,000 கன மீட்டர். மேலே சொன்ன மழையில் மிகக் கடுமையான ஒரு மணி நேரத்தில் 69 மி.மீ. பெய்யும். குளத்துக்கு வருவது 16,200 கன மீட்டர். இரண்டு குழாய்களும் அந்த மணி முழுக்கச் சராசரியாக வினாடிக்கு 0.8 கன மீட்டர் விட்டால் வெளியேறுவது 2,900. மீதி 1,300 கன மீட்டருக்கு உள்ளே இடமும் இல்லை, வெளியே வழியும் இல்லை. அது கரைமேல்தான் போகும். குழாய் வாயில் ஒரு பாலித்தீன் கூடச் சிக்கவில்லை, காற்றில் அலை எழவில்லை, கரை நூல் பிடித்தாற்போல ஒரே மட்டத்தில் இருக்கிறது, முந்தைய மணி நேரத்தில் மழையே இல்லை என்று எல்லாம் நமக்குச் சாதகமாக இருந்தும் இதுதான் முடிவு.

திறந்த கலுங்கு வேறு விதமாக நடந்துகொள்ளும். நீர் இரண்டு மடங்கு உயர்ந்தால் குழாய் 1.4 மடங்குதான் கூடுதலாக விடும். திறந்த கலுங்கு 2.8 மடங்கு விடும். கணக்கில் தவறு இருந்தாலும், எதிர்பாராத மழை வந்தாலும் சமாளிக்கும் தன்மை அதனிடம்தான் இருக்கிறது. அகன்ற தலைக் கலுங்குக்கு 1.7 என்ற கெழுவை வைத்தால், 0.6 மீட்டர் நீர் ஆழத்தில் ஒரு மீட்டர் நீளம் வினாடிக்கு 0.79 கன மீட்டர் விடும். 11.4க்கு வேண்டியது 15 மீட்டர் நீளம். குளம் தாங்குவதையும் சேர்த்து நேரத்தோடு ஒட்டிய கணக்குப் போட்டால் இந்த நீளம் குறையும், அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் 15 நிமிட மழையை மட்டும் தனியாக எடுத்துப் போடக் கூடாது. 24 மணி நேர மழைக்குள் அந்த உச்சம் பிற்பகுதியில் வருவதாக வைத்து, குளம் முழுமட்டத்திலிருந்து தொடங்கிப் போட வேண்டும். அடைமழையின் நடுவே ஒரு கொட்டு கொட்டுவதுதான் நம் ஐப்பசியின் இயல்பு. 2024 அக்டோபர் 25 பிற்பகல் மதுரையில் சற்று நேரத்தில் கொட்டிய மழை செல்லூரை எப்படி மூழ்கடித்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. நாங்கள் மேலே எடுத்துக்கொண்டது 20 செ.மீ. மட்டுமே.

கலுங்கைக் கட்டும் இடம் கரையின் நடுவில் இருக்கக் கூடாது. கரை முடிந்து இயற்கை மேடு தொடங்கும் இடத்தில், வெட்டிய கெட்டி நிலத்தில் அமைய வேண்டும். 0.6 மீட்டர் நீர் தலைமேல் வழியும்போதே வேகம் வினாடிக்கு 2 மீட்டரை நெருங்கும். வெறும் மண் அதைத் தாங்காது. ஆகவே தலைக்குக் கான்கிரீட், அதன் முன்புறம் நிலத்துக்குள் இறங்கும் தடுப்புச் சுவர், பின்புறம் கல் பாவிய தளம், அங்கிருந்து ஓடை வரை மறுகால் வாய்க்கால் எல்லாம் வேண்டும். கல்லுக்குக் குவாரியில் பஞ்சமே இல்லை. உடைந்து ஒதுக்கிய 30, 40 செ.மீ. கல்லை, அடியில் சரளை விரித்து அடுக்கினாலே போதுமானது. கரைக்குள் குழாய் இருந்துதான் ஆக வேண்டும் என்றால், குழாயின் வெளிச்சுவரை ஒட்டி நீர் அரித்துக்கொண்டு போகாமல் பின்பாதியில் சுற்றிலும் மணல் வடிகட்டி வைக்க வேண்டும். குழாய் ஓரம் அரித்து உடைந்த கரைகளும் பல.

நேரில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கலுங்குத் தலையில் மணல் மூட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் லாரித் தடத்துக்குத் தெளிக்கவும் கல் அறுக்கவும் நீர் வேண்டும் என்று இரண்டு வரிசை மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்துவது வழக்கம். மூட்டை கிழிந்து, தையல் வழியே அருகம்புல் முளைத்து, வேர் அடுத்த மூட்டைக்குள் இறங்கியிருந்தால், அது போன மழைக்காலத்திலும் அங்கேயேதான் இருந்தது என்று பொருள். அந்த இரண்டு வரிசை 0.3 மீட்டர். 0.6 மீட்டர் ஆழத்துக்குக் கணக்கிட்ட கலுங்கில் 0.3 அடைபட்டால் விடும் நீர் பாதியாகக் குறைவதோடு நிற்காது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். மறுகால் வாய்க்காலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தாலும் இதே கதிதான், நீர் பின்வாங்கிக் கலுங்கை மூழ்கடிக்கும்.

கரை உச்சியின் மட்டத்தை 10 மீட்டருக்கு ஓர் இடம் வீதம் எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டோ லெவல் இல்லாவிட்டால் கொத்தனாரின் டியூப் லெவலே போதும். லாரி ஏறி இறங்கும் இடத்தில் கரை ஒரு சாண் அமுங்கியிருந்தால், அந்தக் குளத்தின் உண்மையான கரை உயரம் அந்தத் தாழ்ந்த இடத்தின் உயரம்தான். வரைபடத்தில் போட்டிருப்பது கணக்குக்கு உதவாது. குவாரியைச் சுற்றி வெட்டிய சுற்று வாய்க்கால்கள் எங்கே போய் விழுகின்றன என்பதையும் நடந்தே பாருங்கள். பக்கத்துச் சரிவின் நீரையும் குளத்துக்குள் இழுத்துவிட்டிருந்தால் 36 ஹெக்டேர் என்று எழுதியது 50 ஆகியிருக்கும்.

இதெல்லாம் மிகையான அச்சம் என்று தோன்றினால், 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்ததை நினைத்துப் பாருங்கள். மறுகால் வடிவமைத்த அளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெள்ளம் வந்தது, மண் கரைகள் வழிந்து உடைந்தன. சிறிய மழையும் போதும் என்பதற்கு, 1994 பிப்ரவரி 22 இரவு தென்னாப்பிரிக்காவின் மெர்ரியஸ்புரூட்டில் உடைந்த தங்கச் சுரங்கக் கழிவுக் குளமே சான்று. அரை மணியில் பெய்த 50 மி.மீ. அளவு மழையில் கரை வழிந்து உடைந்து, கீழிருந்த குடியிருப்பில் 17 பேர் இறந்தார்கள். நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி அங்கே இல்லாமல் போயிருந்தது.

நம் ஊரில் கீழே இருப்பது கண்மாய். ஒன்றின் மறுகால் அடுத்ததை நிறைக்கும் சங்கிலி. மாதிரிக் குளம் சராசரி 3 மீட்டர் ஆழத்தில் நிறைந்து, மேலே ஒரு மீட்டரும் ஏறிய பின் உடைந்தால் 48,000 கன மீட்டர். அரை மணியில் வடிந்தாலும் சராசரி வினாடிக்கு 27 கன மீட்டர், உச்சம் அதையும் தாண்டும். ஏற்கெனவே மறுகால் பாய்ந்துகொண்டிருக்கும் கண்மாய் அதைத் தாங்குமா என்பதை நீர்வளத் துறைதான் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த ஆய்வைக் குவாரியின் பொறியாளரிடமும் சுரங்கத் துறையிடமும் மட்டும் விடாமல், கீழ்க் கண்மாய்க்குப் பொறுப்பான உதவிப் பொறியாளரின் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்கிறோம்.

புதுக் கலுங்கு கட்ட இந்த மழைக்கு முன் நேரம் போதாது. அதுவரை செய்யக்கூடியவை உண்டு. இப்போதே நீர்மட்டத்தை முழுமட்டத்திலிருந்து ஒரு மீட்டர் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். மணிக்கு 100 கன மீட்டர் பம்பு ஒன்றுக்கு ஐந்து நாள் வேலை. அந்த ஒரு மீட்டர் 12,000 கன மீட்டர் இடம் தரும், மாதிரிக் குளத்தில் அந்தக் கடும் ஒரு மணி நேரத்தைக் கடக்க அதுவே கைகொடுக்கும். இறைத்த நீரைச் சேறு தெளிந்த பின்பே ஓடையில் விட வேண்டும். மணல் மூட்டைகளை அன்றே அகற்ற வேண்டும். கரையின் தாழ்ந்த இடங்களைச் சரளை போட்டு நனைத்து இடித்து உயர்த்த வேண்டும். கரை முடியும் கெட்டி நிலத்தில் தற்காலிக வழி ஒன்று வெட்டிக் கல் பாவலாம். கொட்டிய மண் கரையில் மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. அவசரத்தில் ஜேசிபியால் கரையைக் கீறி நீரை விடுவது, உடைப்பை நாமே தொடங்கி வைப்பது.

குளத்துக்குள் ஓர் அளவுகோலை நட்டு, முழுமட்டத்துக்கு மேல் 0.3 மீட்டரில் மஞ்சள் கோடும் 0.6இல் சிவப்புக் கோடும் போடச் சொல்லுங்கள். இரவுக் காவலர் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிய வேண்டும். மஞ்சளைத் தொட்டால் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் போன், சிவப்பைத் தொட்டால் கீழே உள்ள தெருக்களைக் காலி செய்வது. இந்த இரண்டு மட்டங்களையும் யார் யாருக்குப் போன் செய்வது என்பதையும் குவாரி வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். மூடிக் கிடக்கும் குவாரிகளில் காவலர் இல்லை. அங்கே வருவாய்த் துறையே ஆள் போட்டாக வேண்டும், அல்லது குளத்தை இப்போதே வடித்துவிட வேண்டும்.

மேலே உள்ள மாதிரிக் கணக்கின் எல்லாப் படிகளையும் தாளில் எழுதி வைத்திருக்கிறோம். எந்தக் குளத்தின் உண்மை அளவுகள் கிடைத்தாலும் அதே முறையில் போட்டுப் பார்க்க ஒரு நாள் போதும். களத்துக்கு வந்து மட்டம் எடுக்கவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசனமும் மண் கரை வேலையும் அறிந்த மேலூர் வட்டாரத்தார் சிலர்